காலடிச் சத்தத்துக்கு ஒரு குறி

2004இல் வெளிவந்த இரண்டு கம்ப்யூட்டர் கேம்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ‘ஹாஃப் லைஃப் 2’வில் பேச்சுக்கு மட்டுமல்ல, மற்றச் சத்தங்களுக்கும் திரையில் எழுத்து வந்தது. ‘டூம் 3’இல் பேச்சுக்கே வசனவரி கிடையாது. அதில் சில பெட்டிகளைத் திறக்கும் எண் ஒலிப்பதிவில்தான் வரும். காது கேளாதவர் யாரையாவது கேட்டால்தான் உண்டு. நிறுவனம் விட்ட குறையை நிரப்ப, கேமோடு சேர்த்துக்கொள்ளும் ‘மாட்’ என்ற மாற்றநிரல் ஒன்றை ஆர்வலர்கள் உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார்கள். தொழில்நுட்பம் இல்லை என்ற சாக்கு அன்றைக்கே செல்லாமல் போய்விட்டது.

ஆனால் வசனவரி பாதி வேலைதான். துப்பாக்கிச் சண்டை கேம்களில் முதுகுப் பக்கம் கேட்கும் காலடி, எதிரி எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று நொடியில் சொல்லிவிடும். அதையே ‘காலடிச் சத்தம்’ என்று எழுத்தில் போட்டால் திசை தொலைந்துபோகும். காட்ட வேண்டியது சத்தத்தை அல்ல, சத்தம் சுமந்து வரும் தகவலை. ‘ஃபோர்ட்நைட்’ இதைப் பிடித்துக்கொண்டது: திரை நடுவைச் சுற்றி ஒரு வளையம், காலடி, துப்பாக்கி, புதையல் பெட்டி என ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி, சத்தம் வரும் பக்கமே தோன்றும். 2019இல் வந்த ‘ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ்’ குழுப் பேச்சுக்கே மாற்று கண்டது. ‘இங்கே எதிரி’, ‘அங்கே போகலாம்’ என்பதை ஒரு பட்டனை அழுத்தியே கூட்டாளிக்குக் காட்டிவிடலாம். 2020இன் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ அறுபதுக்கும் மேற்பட்ட வசதிகளோடு வந்தது. பேசுபவர் பெயரும் அவர் நிற்கும் திசையும் வசனவரியிலேயே தெரியும்.

சத்தத்தைக் கண்ணில் காட்டினால் காது கேட்பவரும் அதைப் போட்டுக்கொண்டு ஆதாயம் தேடுவாரே என்பது போட்டி ஆட்டக்காரர்களின் முணுமுணுப்பு. தேடட்டுமே. எல்லோருக்கும் திறந்திருக்கும் வசதி எப்படி ஏமாற்று ஆகும்? விலை கூடிய ஹெட்போன் வாங்கியவருக்குக் கிடைக்கும் ஆதாயத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சில பேருக்காக இத்தனை செலவா என்பது இன்னொரு கேள்வி. செவித்திறன் இழப்புக்குச் சிகிச்சையோ உதவியோ தேவைப்படுவோர் உலகில் 43 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது கிடக்கட்டும். 2018இன் ‘அசாசின்ஸ் கிரீட் ஒடிசி’யில் வசனவரியை முதலிலேயே போட்டுக் கொடுத்தபோது, 95 சதவீத ஆட்டக்காரர்கள் அதை அணைக்கவில்லை என்று யூபிசாஃப்ட் நிறுவனமே சொன்னது. சலுகை யாருக்கு என்பதை இந்த எண்ணிக்கையே சொல்லும். செலவு எகிறுவது, கேமை முடித்துவிட்டுக் கடைசியில் இதை ஒட்டவைக்கப் பார்க்கும்போதுதான்.

எழுத்தும் எல்லோருக்கும் எளிதல்ல. பிறவியிலேயே காது கேளாத பலருக்குத் தாய்மொழி சைகைமொழி. எழுத்து இரண்டாம் மொழி. ‘ஃபோர்ஸா ஹொரைசன் 5’ கார்ப் பந்தய கேம் 2022இல் அமெரிக்க, பிரிட்டிஷ் சைகைமொழி பெயர்ப்பாளர்களைத் திரை ஓரத்தில் கொண்டுவந்தது, கதைக் காட்சிகளுக்கு மட்டும். கார் ஓடும்போது கண் சாலையை விட்டு நகரக் கூடாதே; அங்கே இன்னமும் எழுத்துதான்.