குளிர்காலத்துக்கு முன்: எதை அடைப்பது, எதை அடைக்கக்கூடாது?

ரொறன்ரோவுக்கு வந்த முதல் வருடம், ஸ்காபரோவில் சித்தி வீட்டு பேஸ்மென்டில் இருந்தேன். ஒக்டோபர் கடைசி. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் இருந்த சிறிய அறையில், வெளியிலிருந்து வரும் ஒரு குழாய் வழியாகக் குளிர்காற்று வந்துகொண்டே இருந்தது. பழைய துவாய் ஒன்றைச் சுருட்டி அதன் வாயை அடைத்தேன்.

அடுத்த வாரம் ஃபேர்னஸைப் பரிசோதிக்க வந்தவரும் தமிழர்தான். முதல் வேலையாகத் துவாயை இழுத்தெடுத்தார். "தம்பி, இதாலதான் ஃபேர்னஸ் மூச்சு விடுது" என்றார்.

எரிவாயு முழுமையாக எரியக் காற்று வேண்டும். காற்று போதாவிட்டால் காபனோரொட்சைட்டு உருவாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, குமட்டல், சோர்வு என்று வரும்போது தடிமன் காய்ச்சல் என நினைத்துப் படுத்துவிடுவோம். படுத்தவர் எழும்பாமலே போகலாம். ஃபேர்னஸுக்குப் பக்கத்து அறையில் தூங்கியது நான்தான்.

எரிபொருளில் இயங்கும் சாதனங்கள் உள்ள வீடுகளில், படுக்கையறைகளுக்கு அருகே காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி இருக்கவேண்டும் என்பது 2014 முதல் ஒன்ராறியோவில் சட்டம். எங்கள் பேஸ்மென்டில் அன்று அது இருக்கவில்லை. அன்று மாலையே சித்தியும் நானும் போய் வாங்கிவந்தோம். அது ஒலித்தால் யன்னலைத் திறந்துவிட்டு உள்ளே இருக்கக்கூடாது. எல்லோரும் வெளியேறி 911ஐ அழைக்கவேண்டும்.

புதிய வகை ஃபேர்னஸ்களுக்கு, வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் குழாய்களே மூச்சு வழி. அவற்றைச் சருகும் பனியும் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடைக்கவேண்டியவை வேறு. காற்று வீசும் நாளில் ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி, யன்னல் விளிம்புகளிலும் கதவின் கீழும் பிடியுங்கள். புகை அலையும் இடத்தில் வெடிப்பு இருக்கிறது. யன்னல் விளிம்புக்குப் பசை, கதவுக்கு றப்பர் பட்டி போதும். உறைகுளிரில் பல பசைகள் சரியாக ஒட்டாது என்பதால் இதை இலையுதிர்காலத்திலேயே முடிக்கவேண்டும்.

அடுத்தது தண்ணீர். உறையும்போது அது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும், குழாயைப் பிளக்கும். தோட்டத்து ஹோஸைக் கழற்றி, உள்ளே இருக்கும் வால்வைப் பூட்டி, வெளிக்குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். இலைகள் கொட்டி முடிந்ததும் கூரைப் பீலிகளைத் துப்புரவாக்குங்கள். பீலி அடைபட்டால் தண்ணீர் அங்கேயே தேங்கி உறையும். பின்னர் உருகும் பனி கூரைக்குள் கசியலாம்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு விடயம். ரொறன்ரோவில் வெப்பமூட்டலை வழங்கும் வீட்டு உரிமையாளர், குளிர்காலத்தில் வீட்டினுள் குறைந்தது 21 பாகை செல்சியஸ் வெப்பநிலையைப் பேணவேண்டும். அவர் கேட்காவிட்டால் 311இல் முறையிடலாம். குளிர்கிறதே என்று அடுப்பை எரியவிட்டுத் தூங்கவேண்டாம்.

இப்போதும் ஒவ்வொரு ஒக்டோபரும் சித்தி வீட்டுக்குப் போனால், ஊதுவத்தியை எடுக்குமுன் அந்தக் குழாயைத்தான் முதலில் பார்ப்பேன்.