ஓய்வை நெருங்கும்போது வரும் இடமாற்றம்

ஓய்வுபெற ஓராண்டே மீதமிருக்கும்போது, பழகிய பிரிவை விட்டு வேறு பிரிவுக்குப் போகச் சொல்லி ஆணை வந்தால் மனம் உடைந்துதான் போகும். "இத்தனை வருட உழைப்புக்கு இதுதான் மரியாதையா?" என்ற கேள்வி தூக்கத்தைக் கெடுக்கும். அந்த வலி நியாயமானதே. ஆனால், வலியில் எடுக்கும் முடிவும் நியாயமாக இருக்க வேண்டுமல்லவா?

தமிழக அரசுப் பணியில் 58 ஆக இருந்த ஓய்வு வயது 2020-ல் 59 ஆகவும், 2021-ல் 60 ஆகவும் உயர்ந்தது. அன்றைய விதிப்படி வீட்டில் இருக்க வேண்டிய வயதில், இன்று புது வேலையைக் கற்க வேண்டியிருக்கிறது.

இடமாற்றம் பணியின் ஓர் அங்கம் என்றே நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. எனவே கோபத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. அது ஒழுங்கு நடவடிக்கையில் முடிந்தால் ஓய்வூதியப் பலன்கள் தாமதமாகலாம். முதலில் பணியில் சேருவோம். பிறகு உடல்நலம், குடும்பச் சூழலை விளக்கி எழுத்து மூலம் முறையிடுவோம். பணிப்பதிவேட்டில் விடுபட்ட பதிவுகளையும் இப்போதே சரிபார்ப்போம்.

நம்மைவிட இளையவரிடம் கணினி வேலையைக் கேட்டுப் படிப்பது இழிவல்ல. நமக்குத் தெரிந்த கோப்பு நடைமுறையை அவருக்குச் சொல்லிக்கொடுப்போம். நம் இருக்கையைப் பிறர் மாற்றலாம். இத்தனை ஆண்டு நேர்மையை யாராலும் மாற்ற முடியாது. கடைசி மாதங்களின் கசப்பால் அதை நாமே கெடுத்துக்கொள்ளாதிருப்போம்.