புதுச்சேரிக்கு வராத புதுச்சேரிப் பூ

"ஏன் தம்பி, இத்தனை பூ இருக்கே, இதில் பிரெஞ்சுக்காரங்க கொண்டாந்தது எது, நம்ம ஊருது எது?"

புதுவை தாவரத் தோட்டத்தில் ஒரு மாலை நேரம். முத்தியாலுப்பேட்டையிலிருந்து பேத்தியோடு வந்திருந்த ஓர் அம்மாள், பெஞ்சில் சாய்ந்தபடி என்னைக் கேட்ட கேள்வி இது. நேராகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால் இந்தத் தோட்டத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காத ஒரு பூவின் கதையைச் சொன்னேன்.

பிரிம்ரோஸ் குடும்பம் என்று பூக்களில் ஒரு பெரிய வம்சம் உண்டு. ஐரோப்பாவில் பனி விலகியதும் புல்வெளிகளில் முதலில் தலை நீட்டுகிற பூக்களில் ஒன்றாதலால், 'முதல்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பெயர் வந்தது. இமயத்திலும் அதன் பங்காளிகள் ஏராளம். நம் தெற்கே உறவினர் கொஞ்சம்தான். அவர்களில் ஒருவர் நீலகிரி, பழனி மலைகளின் உயரத்தில், ஈரப் புல்வெளியிலும் சோலை ஓரத்திலும், தண்டின் உச்சியில் கொத்தாக ரோஸ் நிறத்தில் பூத்து நிற்கிறார். தாவர நூல்களில் பெயர் லிசிமாக்கியா லெஷெனோல்ட்டி. வாய்க்குள் நுழையாத பெயர்தான். ஆனால் அதன் பின்பாதியில் புதுச்சேரி ஒளிந்திருக்கிறது.

லெஷெனோ த லா தூர் பிரெஞ்சுத் தாவர அறிஞர். ஆஸ்திரேலியக் கரை வரை கப்பலில் போய், வழியில் நோயில் விழுந்து, ஜாவாத் தீவில் தங்கிப் பிழைத்தவர். செடிகள் சேகரிக்கவும் புதுச்சேரியில் ஒரு தோட்டம் போடவும் 1816-ல் பிரான்ஸிலிருந்து புறப்பட்டார். இங்கிருந்து கரும்பு, பருத்தி முதலியவற்றை ரெயூனியன் தீவுக்கு அனுப்பினார். 1819-ல் உடல் மிகவும் நலிந்த நிலையில் நீலகிரிக்குப் போனார். அப்போது ஊட்டி என்ற நகரமே கிடையாது! மலைக்காற்று பட்டதும் உடம்பு தேறியது. அந்தச் சீதோஷ்ணத்தின் பெருமையை அவர் எழுத, சென்னைப் பத்திரிகையில் அது வெளியாயிற்று. இன்று கோடையில் நாம் குடும்பத்தோடு ஊட்டிக்கு ஓடுகிறோமே, அதற்கு முதலில் விளம்பரம் செய்தவர்களில் அவரும் ஒருவர்.

1826-ல் பாரிஸில் காலமானார். நான் உட்கார்ந்திருந்த தோட்டம் தொடங்கியதும் அதே 1826-ல்தான். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1844-ல், ஜெனீவாவைச் சேர்ந்த தூபி என்ற பாதிரியார் அந்த மலைப் பூவுக்கு அவர் பெயரைச் சூட்டினார். புதுச்சேரியில் கிடைத்த ஒரு பழந்தின்னி வௌவாலுக்கும் 1820-லேயே அவர் பெயர் வைத்தாயிற்று. வௌவாலோடு பெயர் நிலைப்பது அவ்வளவு பெருமையாகப் படவில்லை. பூ வந்து மானத்தைக் காத்தது!

"வீட்டில் தொட்டியில் வைத்தால் வராதா?" என்றாள் பேத்தி.

வராது. மலைக்குளிரில் பிறந்தது கடற்கரை வெயிலைத் தாங்குமா? புதுச்சேரிக்காரர்கள் மலைச் செடிகளைப் பார்க்க ஒரே வழி, செயின்ட் லூயி வீதியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்தின் உலர்தாவரச் சேமிப்பு. மேற்குத் தொடர்ச்சி மலைச் செடிகள் ஆயிரக்கணக்கில் அங்கே தாள்களில் ஒட்டிக் கிடக்கின்றன. செடியைக் காகிதங்களுக்கிடையே வைத்து அழுத்தி, உலர்த்தி, ஒட்டி, எங்கே, யார், எந்த நாளில் பறித்தது என்று மூலையில் எழுதிவிடுவார்கள். சிறு வயதில் நோட்டுப் புத்தகத்தில் அரசிலை வைத்தோமே, அதே வித்தைதான். இந்தக் குடும்பத்துக்கு ஓர் அடையாளம் உண்டு: வேறு பல பூக்களில் இரண்டு இதழ்களின் நடுவே கேசரம் நிற்கும், இதில் ஒவ்வொரு கேசரமும் ஓர் இதழுக்கு நேர் எதிரே நிற்கும். உலர்ந்த பூவிலும் அதைக் கண்டுகொள்ளலாம். ரோஸ் நிறம் மட்டும் பழுப்பாகிவிடும்.

கவலை இங்கேதான். மரமில்லாத மலைப் புல்வெளியை வெறும் தரிசு என்று நினைத்து, வெள்ளைக்காரர் காலத்திலும் பிறகும் தைல மரத்தையும் சீகை மரத்தையும் பைனையும் நட்டார்கள். சீகை தானே பரவவும் செய்கிறது. 1973 முதல் 2017 வரை செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரப் புல்வெளியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இப்படி அந்நிய மரங்களுக்கு அடியில் போய்விட்டது என்கிறது. புல் போன இடத்தில் இந்தப் பூ எங்கே நிற்கும்? சில இடங்களில் சீகையை வெட்டிப் புல்லை மீட்கிறார்கள். மரத்தை வெட்டுவது நல்ல காரியம் என்று நான் எழுதுவது இதுவே முதல் தடவை.

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தார்.

"பெயர் அந்த துரையுது, வேர் நம்ம மலையுது. அப்போ நம்ம ஊருதுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, "தலையில் வைக்கலாமா அது?" என்றார்.

"பறிக்கக் கூடாதம்மா" என்றேன்.

"பார்க்கலாமில்லே?" என்றாள் பேத்தி. வருகிற கோடையில் அவர்கள் ஊட்டி போகிறார்களாம்.