பூமலையில் பணிசெய்த குரங்குகள்

சிங்கப்பூர்த் தமிழர் பூமலை என்று வழங்கும் தாவரவியல் தோட்டம் 1859இல் தங்ளினில் உருவானதும், 1877இல் கியூ தோட்டத்திலிருந்து வந்திறங்கிய 22 ரப்பர் கன்றுகளும், ஹென்றி ரிட்லியின் பால்வடிப்புச் சோதனைகளும் சென்ற இதழ்களில் போதிய அளவு பேசப்பட்டுவிட்டன. இவ்வாரம் ஆர்க்கிட் கலப்பினங்களுக்கு உரியது என்று அறிவிக்கப்பட்டிருந்தாலும், அத்தோட்டத்துக்குள் இருக்கும் மழைக்காட்டைக் கடக்காமல் அங்கே போய்ச்சேர இயலவில்லை.

ஏறத்தாழ ஆறு ஹெக்டேர் பரப்புள்ள இந்த மழைக்காடு தோட்டத்தைவிட வயதில் மூத்தது. 2015இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஒரு நகரத் தோட்டத்தின் நடுவே இன்றும் நிற்பது. இதன் மரங்களின் அடியில் காணப்படும் சிறிய பெயர்ப்பலகைகளைப் பார்வையாளர் பெரும்பாலும் கண்ணால் தடவிவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். அந்தப் பெயரை யார், எந்தச் சான்றைக் கொண்டு எழுதினார் என்பதே இத்தொடர் தொடக்கம் முதல் விடாமல் பற்றிவரும் கேள்வி. பூங்கா ஒன்றில் மரம் நிழல் தந்தால் போதும். தாவரவியல் தோட்டத்திலோ ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஓர் உலர்மாதிரி, அதாவது தாளிடையே அழுத்திக் காயவைத்து, எடுத்த இடம், நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றைக் குறித்து அட்டையில் ஒட்டிய கிளைத்துண்டு, சான்றாக இருந்தாக வேண்டும். அத்தகைய மாதிரிகள் ஏறத்தாழ 7,50,000 பூமலையின் உலர்தாவரக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

மாதிரி எடுப்பது புல்பூண்டுகளுக்கு எளிது. மழைக்காட்டு மரங்களுக்கு அவ்வாறன்று. தாவர இனங்களைப் பிரித்தறிய இலை மட்டும் பெரும்பாலும் போதாது, பூவும் காயும் வேண்டும். மலேயக் காடுகளின் பெருமரங்களோ முப்பது, நாற்பது மீட்டர் உயரத்தில், அடிமரத்தில் கிளையே இல்லாமல், உச்சியில் மட்டுமே பூப்பவை. டிப்டெரோகார்ப் எனப்படும் பெருமரக் குடும்பத்தைச் சேர்ந்தவை ஆண்டுதோறும் பூப்பதும் இல்லை. சில ஆண்டுகள் வாளாவிருந்து, பின்னர் ஒரு பருவத்தில் காடு முழுவதும் ஒருசேரப் பூத்து ஓய்ந்துவிடுகின்றன. எனவே பூத்த நாளில் மாதிரியை எடுக்கத் தவறியவர் அடுத்த வாய்ப்புக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க நேரும். ஆள் ஏற்றுவது ஆபத்து, துப்பாக்கியால் சுட்டுக் கிளையை வீழ்த்துவது குறிதவறும் வேலை. ஒரு பூங்கொத்துக்காக மரத்தையே வெட்டிச் சாய்ப்பதோ ஆராய வந்த பொருளையே அழித்துவிடும் செயல்.

இந்த இக்கட்டுக்குத் தீர்வு கண்டவர் 1929இல் தோட்டத்தின் உதவி இயக்குநராகப் பொறுப்பேற்ற ஈ. ஜே. எச். கார்னர். மலாய்த் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில், குறிப்பாகக் கிளந்தானில், தென்னை மரமேறித் தேங்காய் பறிக்கக் குரங்குகளைப் பழக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. மலாய் மொழியில் பெரோக் எனப்படும் இக்குரங்கு பன்றியினுடையதைப் போன்ற குட்டை வாலும் வலிய கைகளும் கொண்டது. நீண்ட கயிற்றில் கட்டப்பட்டு, கீழே நிற்பவரின் குரலைக் கேட்டு, முற்றிய காயைத் திருகிக் கீழே தள்ளுவது. தேங்காயைப் பறிக்கத் தெரிந்த விலங்கு காட்டுமரக் கிளையையும் ஏன் பறிக்காது என்று எண்ணிய கார்னர், 1930களின் பிற்பகுதியில் பெரோக்குகளைத் தருவித்துத் தோட்டத்தின் பணியில் அமர்த்தினார்.

தென்னையில் குரங்கு தேட வேண்டியது ஒரே வகைக் காயை. காட்டிலோ, மரத்துக்கு மரம் வேறுபடும், முன்பின் பார்த்திராத ஒன்றை அது பறிக்க வேண்டியிருந்தது. ஆகவே தரையில் நிற்பவர் மலாய்ச் சொற்களால் இடம் சுட்டி, எந்தக் கிளைக்குச் செல்வது, எதை ஒடிப்பது, எப்போது இறங்குவது என்று ஏவ, குரங்கு அவற்றைப் பிரித்தறிந்து செயல்படப் பழகியது. பூத்த கிளைகளை மட்டுமல்லாமல், மண்ணில் வேரூன்றாமல் மரக்கிளையைப் பற்றி வாழும் தொற்றுத் தாவரங்களையும் அவை உச்சியிலிருந்து கொண்டுவந்தன. மரமும் வீழவில்லை, மனிதனும் வீழவில்லை, மாதிரி மட்டும் கைக்கு வந்தது. ஐரோப்பியக் கல்விக்கூடங்களில் உருவான வகைப்பாட்டியல் கிளந்தான் சிற்றூராரின் பழக்கு கலையிடம் கடன்பட்ட இடம் இது என்பதைத் தயக்கமின்றிச் சொல்லலாம்.

விலங்குகள் பூமலைக்குப் புதியவை அல்ல. 1875 முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அங்கே ஒரு விலங்குக் காட்சிசாலையே இயங்கியது. ஆனால் கூண்டில் காட்டப்பட்ட அவ்விலங்குகளுக்கும் கார்னரின் பெரோக்குகளுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. பின்னவை காட்சிப் பொருள்கள் அல்ல, ஆய்வுப் பணியில் பங்கேற்றவை.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததோடு இம்முயற்சி முடிவுற்றது. ஹிடேசோ தனகாதாதே என்ற ஜப்பானியப் பேராசிரியரின் தலையீட்டால் தோட்டமும் காப்பகமும் சூறையாடப்படாமல் தப்பின. கார்னரும் இயக்குநர் ஹோல்ட்டமும் ஆக்கிரமிப்புக் காலத்திலும் அங்கேயே பணியைத் தொடர்ந்தனர். மலேயாவின் சாலையோர மரங்களைப் பற்றிக் கார்னர் எழுதிய இருதொகுதி நூல் 1940இலேயே வெளிவந்துவிட்டது. குரங்குகளைப் பற்றிய தனிநூலை அவர் 1992இல்தான் வெளியிட்டார்.

ஆர்க்கிட்டுகளுக்கு எஞ்சியிருப்பது இந்தச் சிறு இடமே. அவற்றின் விதை தூசியைப் போன்று நுண்ணியது, முளைப்பதற்கான உணவுச் சேமிப்பு அற்றது. ஆதலால் இயற்கையில் ஒரு பூஞ்சையின் துணையின்றி முளைப்பதில்லை. அப்பூஞ்சையின் இடத்தைச் சர்க்கரை கலந்த ஊட்டக்கூழ் நிரப்பிய கண்ணாடிக் குடுவை பிடித்ததும், 1928இல் ஹோல்ட்டம் அம்முறையைக் கொண்டு கலப்பினப் பணியைத் தொடங்கியதும், 1981இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட வாண்டா மிஸ் ஜோக்கிமின் வரலாறும் அடுத்த இதழுக்கு உரியவை.

பூமலை அதிகாலை 5 மணி முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கிறது. தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டுமே கட்டணம். அங்கே செல்லும் வாசகர் மழைக்காட்டில் ஒரு மரத்தடியிலாவது நின்று, பெயர்ப்பலகையை முழுமையாகப் படித்துவிட்டு, அதன் பூ எந்த உயரத்தில் பூக்கும் என்று அண்ணாந்து பார்க்க வேண்டும். அந்த உயரத்தை எட்டிய பிறகே அப்பெயர் எழுதப்பட்டது.