சுமாரான மாடியும் சும்மா கிடக்கும் மனையும்

சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கமிருந்தும் தண்டவாளங்கள் வந்து கூடும் ஊர் விழுப்புரம். ரயில் நிலையத்துக்கும் கடைத்தெருவுக்கும் நடந்து போகும் தூரத்தில் ஒரு வீடோ கடையோ அலுவலகமோ அமைந்தால், அதில் இருப்பவருக்குப் பேருந்துக் கட்டணம் மிச்சம், பெட்ரோல் மிச்சம், நேரமும் மிச்சம். ஆனாலும் நேருஜி சாலை, திரு.வி.க. சாலை போன்ற பரபரப்பான வீதிகளின் முதுகுப்புறத்தில் சீமைக்கருவேலம் மண்டிய மனைகள் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கின்றன. திண்டிவனத்தில் நேரு வீதியைச் சுற்றியுள்ள தெருக்களிலும் இதே நிலைதான். பாகப்பிரிவினை முடியாத சொத்து, வழக்கில் மாட்டிய சொத்து, விலை ஏறட்டும் என்று வாங்கிப்போட்ட சொத்து எனக் காரணங்கள் பல. எப்போதாவது ஒரு மனைக்கு விடிவு வந்தால் அங்கே எழுவது என்ன? கீழே பார்க்கிங், மேலே நான்கைந்து தளங்கள், முகப்பில் கண்ணாடியும் பளபளக்கும் தகடும். பார்த்து ரசிக்க அதில் ஒன்றும் இருக்காது. இதைக் கட்டுவதற்கு மனை சும்மாவே கிடக்கலாம் என்று ஊரில் பலரும் சொல்கிறார்கள். அந்தச் சலிப்பு புரிகிறது. அதிலிருந்து அவர்கள் எட்டும் முடிவு தவறு.

முதலில் உயரத்தைப் பற்றிய அச்சத்தை அளந்து பார்த்துவிடலாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் ஒரு கட்டடத்தை உயர்மாடிக் கட்டடம் என்கின்றன. அதற்கு முன்பு அந்த எல்லை 15.25 மீட்டர். எல்லைக்குள் நிற்கும் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2; அதாவது மனையின் பரப்பைப்போல இரண்டு மடங்கு தளம் கட்டலாம். உயர்மாடிக்கு அகலமான சாலை கட்டாயம் என்பதால், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்தெருக்களில் வரக்கூடியது பெரும்பாலும் ஐந்து மாடிதான். சென்னைப் புறநகரில் எழும்பும் வானளாவிய அடுக்குகளை நினைத்துக்கொண்டு இதை எதிர்க்க வேண்டியதில்லை.

கேள்வியை நாம் வைக்கும் விதத்திலேயே பிழை இருக்கிறது. ஊர் நடுவே ஒரு மனை காலியாகக் கிடக்கும்போது, அங்கே குடியேறியிருக்க வேண்டிய பத்துக் குடும்பங்கள் மறைந்துபோய்விடுவதில்லை. அவர்கள் நெடுஞ்சாலை ஓரத்துக்கும், கல் நட்டுக் கொடி கட்டிய ‘நகர்’களுக்கும் போகிறார்கள். நேற்றுவரை நெல்லும் உளுந்தும் விளைந்த மண் அது. இந்தப் பரவல் எவ்வளவு தூரம் கைமீறிப் போனது என்பதற்கு நீதிமன்றமே சாட்சி. 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், தமிழகம் முழுக்கப் பத்திரப்பதிவு ஆட்டம் கண்டது. அந்த ஆண்டு அக்டோபர் 20-க்கு முன் பிரித்து விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் தனி விதிகளே கொண்டுவர வேண்டியிருந்தது. வடிகாலும் இல்லாமல், சாலைக்கு ஒழுங்கான அகலமும் இல்லாமல் விளைநிலம் துண்டுதுண்டாக விற்றுத் தீர்ந்த பிறகு வந்த வைத்தியம் அது. ஆகவே, சுமாரான மாடியை நாம் ஒப்பிட வேண்டியது ஊர் நடுவே சும்மா கிடக்கும் மனையோடு மட்டுமல்ல. அது கிடப்பதால் ஊருக்கு வெளியே அழியும் வயலோடும் ஏரியோடும்தான்.

ஏரி என்றதும் விழுப்புரத்துக்காரர்களுக்குப் புதிய பேருந்து நிலையம் நினைவுக்கு வராமல் இருக்காது. 1993-இல் தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் மாவட்டத் தலைநகரானது. திடீரென்று வந்த அந்தத் தேவைகளுக்கு இடம் தேடிய ஊர், தன் நீர்நிலையில் கை வைத்தது. பூந்தோட்டம் ஏரி இருந்த தாழ்ந்த நிலத்தில் பேருந்து நிலையம் எழுந்தது. கனமழை பெய்தால் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்துவிடுகிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மழையில் இந்தப் பேருந்து நிலையமும் வெள்ளக்காடானது. கட்டடத்தின் அழகு கூடியதாலோ குறைந்ததாலோ வந்த துன்பமல்ல இது. இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் நேர்ந்த பிழை.

காலி மனை மழைநீரை உறிஞ்சுமே, அதையும் மூடிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இங்கே பதில் சொல்ல வேண்டும். நீர்நிலையாகவோ வாய்க்காலாகவோ குளமாகவோ வருவாய்ப் பதிவேட்டில் இருக்கும் நிலத்தை யாரும் காலி இடம் என்று அழைக்கக்கூடாது. அங்கே சுமாரான கட்டடமும் வேண்டாம், சிறப்பான கட்டடமும் வேண்டாம். சங்க நூலான சிறுபாணாற்றுப்படை குறுநில மன்னன் நல்லியக்கோடனின் ஊராகச் சொல்லும் ‘கிடங்கில்’ இன்று திண்டிவனத்துக்குள் அடங்கிய பகுதி. அங்குள்ள ஏரியும் கோட்டை எச்சங்களும் ஒரு சென்ட்கூடக் குறையாமல் காக்கப்பட வேண்டியவை. ஆனால் இரண்டு பக்கமும் சுவர் எழுந்து, இடிபாட்டுக் கல்லும் குப்பையும் கொட்டி, சாலை மட்டத்துக்குக் கீழே போய்விட்ட ஒரு வீட்டு மனை ஏரி செய்யும் வேலையைச் செய்யாது. அதில் தேங்குவது சாக்கடை; வளர்வது கொசு. 2003 முதல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அதை ஒழுங்காக அமைத்த ஐந்து மாடி, அந்த மனையை விட அதிகத் தண்ணீரை நிலத்துக்குள் இறக்கும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மோசமான கட்டடம் ஒருமுறை எழுந்துவிட்டால் ஐம்பது அறுபது ஆண்டு அசையாது. காலி மனை என்றால் நாளைக்கு நல்லது வர வழியாவது இருக்கும். பெருநகரத்தின் மையத்தில், போட்டிபோட்டுக் கட்ட நிறுவனங்கள் வரிசையில் நிற்கும் இடத்தில், இந்த வாதத்தை மறுப்பது கடினம். மாவட்டத் தலைநகரங்களிலும் தாலுகா ஊர்களிலும் அந்த வரிசை இல்லை. இங்கே மனை காத்திருப்பது நல்ல கட்டடக் கலைஞருக்காக அல்ல, நல்ல விலைக்காக. அந்தக் காத்திருப்புக்கு நம் வரிமுறையும் துணைபோகிறது. கட்டியவர் கட்டடத்துக்குச் சொத்து வரி கட்டுகிறார். கட்டாதவர் அதைவிடக் குறைந்த காலிமனை வரியோடு தப்பிக்கிறார். 2022 ஏப்ரலில் காலிமனை வரியை இரட்டிப்பாக்கினார்கள். ஆனாலும் கடைத்தெரு மனையின் விலை ஏறும் வேகத்துக்கு முன்னால் அது ஒரு சுமையே இல்லை. உழைத்துக் கட்டிய கட்டடத்தை விட்டுவிட்டு, ஊரின் வளர்ச்சியால் தானாக விலை ஏறும் நிலத்தின் மீது வரி போடுங்கள் என்று 1879-இல் ஹென்றி ஜார்ஜ் ‘முன்னேற்றமும் வறுமையும்’ நூலில் எழுதினார். நகர மையத்தில் பத்தாண்டாகத் தரிசாகக் கிடக்கும் பெரிய மனைகளுக்காவது அந்த நியாயத்தைப் பொருத்திப் பார்க்கலாம். வீடு கட்டப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் சிறு மனைக்காரரை விலக்கிவிடலாம்.

சுமாராக இருக்கலாம் என்பது தோற்றத்துக்கு மட்டும் தரும் சலுகை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். அஸ்திவாரத்திலும் கம்பியிலும் மாடிப்படியின் அகலத்திலும் தீயணைப்பு வழியிலும் துளிகூட விட்டுக்கொடுக்கக் கூடாது. நம் ஊர்களில் இவற்றோடு இன்னொன்றும் சேரும்: கீழ்த்தள பார்க்கிங். வரைபடத்தில் வாகனம் நிறுத்துமிடம் என்று காட்டி அனுமதி வாங்கிவிட்டு, கட்டி முடித்த கையோடு ஷட்டர் போட்டுக் கடையாக்கி வாடகைக்கு விடும் பழக்கம் பரவிக் கிடக்கிறது. அந்தக் கடைக்கு வருபவரின் வண்டி, மாடியில் குடியிருப்பவரின் வண்டி எல்லாம் சாலைக்கு வந்துவிடுகின்றன. ஏற்கெனவே குறுகலான தெருவில் ஆம்புலன்ஸ் நுழைய முடியாமல் போகிறது. மக்கள் மாடிக் கட்டடங்களை வெறுப்பதற்கு முகப்பின் அசிங்கத்தை விட இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அந்த வெறுப்பு நியாயமானது. முகப்பில் என்ன வண்ணம் என்பதை உரிமையாளரிடமே விட்டுவிட்டு, இந்த ஒரு விஷயத்தில் நகராட்சி பிடிவாதமாக இருக்க வேண்டும். பணி நிறைவுச் சான்றுக்கு முன்பு ஒருமுறை, குடியேறிய ஓராண்டு கழித்து ஒருமுறை கீழ்த்தளத்தை நேரில் பார்க்கட்டும். அங்கே கடை இருந்தால் மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டி முத்திரை வைக்கட்டும். அந்த உறுதி கிடைத்தால், ரயில் நிலையத்தை ஒட்டிய முள்மனைகளில் ஐந்து மாடி எழும்புவதைப் பக்கத்து வீட்டுக்காரர்கூட எதிர்க்க மாட்டார்.