அந்தமான் விமானத்தில் அச்சமும் மதுவும்

சென்னையிலிருந்து அந்தமான் தீவுகளுக்குக் கப்பலில் செல்ல ஏறத்தாழ மூன்று நாட்கள் வேண்டும். ஆகாய விமானம் இவ்வழியைச் சற்றேறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. போர்ட் பிளேர் என நெடுங்காலம் வழங்கி, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற தலைநகர் சென்னைக்குச் சுமார் 1,360 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இடையில் இருப்பதெல்லாம் வங்கக் கடலே. மாற்றலாகித் தீவுக்குச் செல்லும் ஆசிரியரோ ஊழியரோ முதன்முறை விமானமேறும்போது மனம் கலங்குவது இயல்பு. அக்கலக்கத்திற்கு மருந்தாகச் சிறிது மது அருந்திவிட்டு ஏறுமாறு யோசனை கூறுவோரும் உளர். அவ்யோசனை எத்தகையது என்பதை உடலியல் கொண்டு ஆராய்வது பயனுடையது.

இந்திய உள்நாட்டு விமானங்களில் மது வழங்கப்படுவதில்லை. ஆகவே குடிப்பவர் விமானமேறுவதற்கு முன்னரே குடிக்கிறார். தொல்லையின் தொடக்கம் இங்கேதான். மதுவிலுள்ள ஆல்கஹால் பெரும்பாலும் சிறுகுடலின் வழியே இரத்தத்தில் கலக்கிறது. வெறும் வயிற்றில் அரைமணி அளவிலும், உணவோடு அருந்தினால் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கழித்தும் அது உச்ச நிலையை அடையும். அவசரமாகக் குடித்துவிட்டு வாயிலைக் கடப்பவர் அவ்வேளையில் தெளிவாகவே காணப்படலாம்; சிப்பந்திகளும் ஐயுறமாட்டார்கள். போதை முற்றும்போது விமானம் நடுக்கடலின்மேல் இருக்கும்.

அங்குள்ள காற்றின் நிலையும் வேறு. விமானம் பத்து, பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும்போது உள்ளறையின் அழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதைவிடக் குறையாதபடி காக்கப்படுகிறது. உதகமண்டலத்தின் உயரம் சுமார் 2,240 மீட்டர் என்பதை நினைவிற்கொண்டால் இது எளிதில் விளங்கும். கடல் மட்டத்தைவிட அங்கு மூச்சில் சேரும் பிராணவாயு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. உயரத்தில் ஒரு கிண்ணம் தரையில் இரண்டுக்குச் சமம் என்பது பழைய நம்பிக்கை. அமெரிக்காவில் அழுத்தம் குறைத்த அறைகளில் நடந்த சோதனைகள், உயரத்தால் இரத்தத்தின் ஆல்கஹால் அளவு கூடுவதில்லை என்று காட்டின. எனினும் பிராணவாயுக் குறைவு ஒருபுறமும் மது மற்றொருபுறமும் மூளையைத் தாக்குகின்றன. இவ்விரண்டு குறைகளும் கூடிக்கொள்கின்றன. 2024இல் வெளியான ஜெர்மானிய ஆராய்ச்சி ஒன்றில், மது அருந்திய இளைஞர்கள் இத்தகைய அறையில் உறங்க வைக்கப்பட்டனர். நல்ல உடல்நலம் வாய்ந்த அவர்களுக்கே இரத்தத்தின் பிராணவாயு நிறைவு 85 சதவீத அளவிற்குத் தாழ்ந்தது. நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 88ஐ நெருங்கியது. அதே அறையில் மதுவின்றி உறங்கியவர்களுக்கு இவ்வெண்கள் முறையே 88, 73 ஆக இருந்தன. நுரையீரல் நோயோ இதய நோயோ உள்ள முதியவரின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. உட்கார்ந்தபடியே மயங்கிச் சாய்பவரும் உண்டு. மது இரத்தக் குழாய்களை விரியச் செய்வது அதற்கு ஒரு காரணம்.

அச்சமாவது தணிகிறதா? முதலில் தணிவதுபோல் தோன்றும். ஆல்கஹால் நரம்புகளின் கிளர்ச்சியை அடக்குவதே காரணம். அதன் அளவு இறங்கத் தொடங்கியதும் அடக்கப்பட்ட கிளர்ச்சி மிகுந்து மீளுகிறது. படபடப்பும் வியர்வையும் தோன்றுகின்றன. இதைவிட வியப்பானது காதில் நிகழ்வது. உட்காதின் அரைவட்டக் குழாய்களில் ஒரு திரவமும், அதன் அசைவை உணரும் மெல்லிய திரை போன்ற உறுப்பும் உள்ளன. சாதாரணமாக இரண்டும் ஒரே அடர்த்தியுடையவை. ஆல்கஹால் திரைக்குள் முதலில் புகுந்து அதனை இலேசாக்குகிறது. அதனால் தலை சாய்ந்தாலே உலகம் சுழல்வதாக மூளை எண்ணிவிடுகிறது. தென்மேற்குப் பருவக் காலத்தில் வங்கக் கடல்மேல் மேகங்களிடையே விமானம் குலுங்கும்போது, விழுந்துவிடுவோமோ என்று அஞ்சுபவருக்கு இப்பொய்ச் சுழற்சி எத்தகைய துணையாகும்! குமட்டலைத் தடுக்கும் மாத்திரைகள் சிலவும் உறக்க மாத்திரைகளும் மதுவோடு சேர்ந்தால் மூச்சே மந்தமடையக் கூடும்.

பாதையின் நடுவில் ஒருவர் மூர்ச்சையுற்றால் முன்னே சென்றாலும் பின்னே திரும்பினாலும் வைத்தியரை அடைய ஒரு மணி நேரம் ஆகும். தீவில் வானிலை கெட்டு இறங்க இயலாமல் விமானம் மறுகரைக்கே திரும்புவதும் உண்டு. அப்போது இரண்டு மணி நேரப் பிரயாணம் நான்கு மணிக்கு மேல் நீளும். உள்ளறையின் அழுத்தம் திடீரென இழக்கப்பட்டால், சுமார் பத்தரைக் கிலோமீட்டர் உயரத்தில் முகமூடியை அணிந்துகொள்ளும் அறிவு நிலைப்பது அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரையே. தரையில் விபத்து நேர்ந்தால், வாயில்களில் பாதியை மட்டும் பயன்படுத்தி எல்லாரும் 90 வினாடிகளில் வெளியேறக் கூடியதாக இருக்கவேண்டும் என்ற அளவுகோலின்படியே பெரிய விமானங்கள் ஏற்கப்படுகின்றன. நடைபாதையில் தள்ளாடும் ஒருவர் தமக்குப் பின்னால் இருப்போரின் வினாடிகளையும் செலவழிக்கிறார்.

சட்டமும் இதனை உணர்ந்துள்ளது. ஒழுங்கீனமாக நடப்போரை மூன்று வகையாகப் பிரித்துப் பறப்பதினின்று விலக்கி வைக்கும் முறையைச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2017இல் வகுத்தது. வார்த்தையால் தொல்லை தருபவருக்கு மூன்று மாதம் வரையும், கை நீட்டுபவருக்கு ஆறு மாதம் வரையும், உயிருக்கு ஊறு விளைவிப்பவருக்கு இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேலும் விலக்கு என்று அதில் குறிக்கப்பட்டது.

முந்திய இரவு குடித்ததனால் தீங்கில்லை என்பதும் சரியன்று. உடல் ஒரு மணிக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்திலிருந்து ஏறத்தாழ 15 மில்லிகிராம் ஆல்கஹாலையே போக்குகிறது. நள்ளிரவில் 120 மில்லிகிராம் இருந்தால் காலை ஆறு மணி விமானத்தின்போது 30 மில்லிகிராம் எஞ்சும். காப்பியோ குளிர்ந்த நீரில் குளிப்பதோ இவ்வேகத்தைக் கூட்டா.

அஞ்சுபவர் செய்யத்தக்கவை வேறு உள. இறக்கையை ஒட்டிய இருக்கையில் குலுக்கல் குறைவாக உணரப்படும்; பதிவு செய்யும்போதே அதனைக் கேட்கலாம். ஏறியவுடன் தம் அச்சத்தைப் பணிப்பெண்ணிடம் கூறிவிடலாம். மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டினால் நாடி தணியும். இறக்கையின் நுனி மேலும் கீழும் வளைவது பழுதன்று; அவ்வாறு வளையும்படியே அது அமைக்கப்பட்டது. அச்சம் மிகுந்தவர் பிரயாணத்திற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைக் காண்பது நன்று.

தீவிலிருந்து திரும்புவோருக்கு மற்றொரு செய்தி. ஹாவ்லாக் என முன்பு அழைக்கப்பட்ட சுவராஜ் தீவில் காற்றுக்கலம் பூண்டு கடலில் மூழ்கியவர் உடலில் நைட்ரஜன் கரைந்து தங்கியிருக்கும். ஒரு முறை மூழ்கியவர் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் கழியுமுன் விமானமேறலாகாது. அவ்விடைவேளையில் மது அருந்தினால் உடலின் நீர் வற்றும். நைட்ரஜன் குமிழ்களால் விளையும் மூட்டுவலி, தலைச்சுற்றல் முதலியவற்றைக் குடிமயக்கம் என்றே பிறர் எண்ணி வாளாவிருந்துவிடவும் கூடும்.