தண்ணீர் ஆய்வுக்கூடம் யாருக்காக?

பெங்களூரில் குடியேறிய நம் குடும்பங்களில் தண்ணீரைப் பற்றிப் பேசாத குடும்பம் இராது. காவிரி நீர் எந்தக் கிழமை வரும், டேங்கர் என்ன விலை, போர்வெல் வற்றிவிட்டதா என்று அன்றாடம் பேசுகிறோம். ஆனால், அந்தத் தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பவர் யார், எந்த நோக்கத்தோடு சோதிக்கிறார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இந்நகரில் அரசு சார்ந்த நீர் ஆய்வுக்கூடங்களுக்குக் குறைவில்லை. ஆயினும் ஒவ்வொன்றும் கேட்கும் கேள்வி வேறு. 1964இல் அமைந்த குடிநீர் வாரியம், அதாவது நாம் 'வாட்டர் போர்டு' என்று சொல்வது, தான் வழங்கும் நீரைத் தானே சோதிக்கிறது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி அமைந்த மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஆலைகளின் கழிவுநீரையும் ஏரிகளையும் சோதிக்கிறது. வழக்குக்கு உதவ வேண்டுமானால், ஆலைக்காரர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டுக் கையொப்பம் வாங்க வேண்டும் என்று அச்சட்டமே விதிக்கிறது. எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் தென்மேற்கு மண்டல அலுவலகம் வைத்திருக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியமோ, கண்காணிப்புக் கிணறுகளின் நீரை எடுத்து, நிலத்தடி நீரின் நிலை ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று பார்க்கிறது.

மூன்றும் தேவையான பணிகளே. எனினும், 'என் வீட்டுப் போர்வெல் நீரை என் பேரக்குழந்தைக்குக் கொடுக்கலாமா?' என்று ஒரு பாட்டி கேட்டால், அந்தக் கேள்வி இந்த மூன்றில் எதனுடைய முதல் வேலையும் அன்று.

இது வெறும் பேச்சுக்காகச் சொல்வதல்ல. மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2023 மே மாதத்தில் நாடெங்கும் 15,259 இடங்களில் எடுத்த மாதிரிகளில், ஐந்தில் ஒரு பங்கில் நைட்ரேட் அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. கர்நாடகத்தில் ஏறக்குறைய பாதி மாதிரிகள் அப்படி. தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். வயல்களில் உரமும், நகரங்களில் மண்ணுக்குள் இறங்கும் சாக்கடை நீரும் இதற்கு முக்கியக் காரணங்கள். நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, நாவிலும் தெரியாது. பால்பவுடரைக் கரைத்துக் குடிக்கும் ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுக்கு இதனால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறன் குறைந்து, உடல் நீலம்பாரிக்கக்கூடும். 'காய்ச்சிக் குடித்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோமே, அது கிருமிக்குத்தான் பொருந்தும். காய்ச்சினால் நீர் ஆவியாகும், நைட்ரேட் தங்கும். அதன் செறிவு கூடவே செய்யும்.

இவ்வளவு முக்கியமான செய்தி அறிக்கையாக வெளிவந்தது 2024 டிசம்பர் 31 அன்று. மாதிரி எடுத்து ஒன்றரை ஆண்டுக்கு மேல்! நாடு தழுவிய பணிக்கு அத்தனை காலம் ஆகலாம் என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் பிறந்தபோது மாதிரி எடுக்கப்பட்ட குழந்தை, அறிக்கை வரும்போது நடக்கத் தொடங்கிவிட்டது.

அரசு ஆய்வுக்கூடம் ஒன்று தன் குறிக்கோளை எழுதும்போது 'உலகத் தரம்', 'சிறப்பான சேவை' என்று எழுதிச் சட்டம் போட்டு மாட்டுவது வழக்கம். அதை யாரும் மறுக்கவும் மாட்டார்கள், பின்பற்றவும் மாட்டார்கள். தரச்சான்று பெறுவது நல்லதுதான். ஆனால் சான்று, அளந்தது சரியாக அளக்கப்பட்டதா என்பதைத்தான் சொல்லும். அளக்க வேண்டியதை அளந்தார்களா என்று சொல்லாது.

1955ஆம் ஆண்டின் இறுதியில் டில்லியில் நடந்தது இதற்குச் சான்று. யமுனையிலிருந்து நீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்துவிட்டது. குளோரின் சேர்த்ததால் பாக்டீரியாக்கள் அடங்கின, டைபாய்டு பெருகவில்லை. ஆனால் குளோரினுக்குத் தப்பிய வைரஸால் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. பாக்டீரியாவை மட்டும் தேடும் சோதனை அந்த நீரைக் குறை கூறியிராது.

நம் அல்சூர் ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. சாக்கடை கலந்து நீரில் பிராணவாயு குறைந்ததே காரணம் என்றார்கள். அதைக் கரையில் நடைப்பயிற்சிக்கு வந்தவர்களுக்கு முதலில் அறிவித்தது ஆய்வுக்கூடம் அல்ல, மீன்கள்தாம்.

ஆகவே குறிக்கோளை இப்படி ஒரே வரியில் எழுதலாம் என்பது என் கருத்து: தண்ணீரைக் குடிப்பவர், அதனால் நோயுறும் முன்பே அதன் உண்மையை அறிந்துகொள்ள வேண்டும். இந்த ஒரு வரியை ஏற்றுக்கொண்டால் பல வேலைகள் தாமாக மாறும். சுத்திகரிப்பு நிலையத்தில் மட்டுமன்றி, கடைசித் தெருவின் கடைசிக் குழாயிலும் மாதிரி எடுக்க வேண்டிவரும். டேங்கரும் போர்வெல்லும் கணக்கில் வரும். கிருமிச் சோதனை முடிய இரண்டு முதல் நான்கு நாள் ஆகுமாதலால், நிமிடத்தில் தெரியும் குளோரின் சோதனையைத் தினமும் செய்ய வேண்டிவரும். (குழாய் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்ச வேண்டும்.) முடிவுகளைக் கன்னடத்திலும், அந்தத் தெருவாசிகளுக்குப் புரியும் பிற மொழிகளிலும் வெளியிட வேண்டிவரும்.

வழங்குபவரே சோதித்துத் தமக்குத் தாமே சான்று தருவது போதுமா என்ற கேள்வியும் எழும். இங்கிலாந்தில் நீர் நிறுவனங்களே சோதிக்கின்றன. ஆனால் 1990 முதல் தனிக் கண்காணிப்புத் துறை ஒன்று அவற்றைத் தணிக்கை செய்து முடிவுகளை வெளியிடுகிறது. நமக்கும் அது தேவை.

அதுவரை, போர்வெல் நீரைப் பயன்படுத்தும் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் நைட்ரேட் சோதனை ஒன்றையாவது செய்துவிடுங்கள். அளவு மிகுந்திருந்தால் யு.வி. வடிகட்டி மட்டும் பயன்தராது, ஆர்.ஓ. பெருமளவு குறைக்கும். கிருமிச் சோதனைக்கு வீட்டுப் பாட்டில் வேண்டாம். ஆய்வுக்கூடமே தரும் கிருமிநீக்கிய பாட்டிலை வாங்கி, குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிடித்து, பனிக்கட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டு சேர்க்க வேண்டும்.